ஒரு மணி நேரம் பேசக்கூடாது

பேசக்கூடாதாம். ஒரு மணி நேரம். யாரிடம் வந்து சொல்கிறாள் பாருங்கள், இருபத்தெட்டு வருடம் கோவில்பட்டியில் கோர்ட் வாசலில் நின்று வாதி பேரையும் பிரதிவாதி பேரையும் மும்மூன்று தடவை கூவிக் கூவியே வயிறு வளர்த்த செண்பகவல்லியிடம் வந்து சொல்கிறாள். கையில் குழாய் சொருகி, ஈயப் பெட்டிக்குள்ளிருந்து ஊசியை எடுத்து, கண் மூடித் திறப்பதற்குள் மருந்தை ஏற்றிவிட்டு, நாயைக் கண்டவள் மாதிரி சட்டென்று பின்னால் போய் நின்றுகொண்டு சொன்னாள். “அம்மா, இது கதிர் கலந்த சர்க்கரைத் தண்ணி. உடம்புல எது ரொம்ப வேலை பார்க்குதோ அது இந்தச் சர்க்கரையை இழுத்துக்கும். கேன்சரும் இழுக்கும். நீங்க பேசுனா தொண்டைச் சதையும் இழுக்கும். அப்புறம் படத்துல அங்கயும் வெளிச்சமா வரும், எது நோயி எது சதைன்னு டாக்டருக்கே தெரியாது. அதனால பேசக்கூடாது, எதையும் மெல்லக்கூடாது, செல் பார்க்கக்கூடாது, ஆடாம அசையாம இருங்க.” சட்டையில் பிரிசில்லா என்று எழுதியிருந்தது. நல்ல பெண்தான், முப்பது வயதிருக்கும், கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திவிட்டுத்தான் போனாள். ஆனால் நான் சரி என்று சொல்ல வாயைத் திறந்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். சரி என்றுகூடச் சொல்லக்கூடாதாம். தலையை ஆட்டினேன். ஐந்து வருடமாக இவர்கள் எல்லாரிடமும் நான் செய்துகொண்டிருப்பது அதைத்தானே, தலையை ஆட்டுவது. சுவரில் கடிகாரம் இருக்கிறது. ஒன்பது ஐம்பது. பத்து ஐம்பதுக்குப் பெட் ஸ்கேனுக்குக் கூப்பிடுவார்கள். மகள் மாரீஸ்வரி வெளியே கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள், அவளை உள்ளே விடமாட்டார்கள், என் உடம்பிலிருந்து கதிர் வருமாம், சாயங்காலம்வரை ஆறடி தள்ளி இருக்கவேண்டுமாம். நல்லது. இருக்கட்டும் ஆறடி தள்ளி. அவள்மேல் எனக்கு இருக்கிற கோபத்துக்கு ஆறடி போதாது.

குளிர்கிறது. இத்தனை குளிரில் ஆளை உட்காரவைத்து ஆடாதே அசையாதே என்றால் எப்படி, பல் தானாகக் கிட்டுகிறது, பல் கிட்டினால் தாடைச் சதை சர்க்கரையை இழுக்குமா? கேட்கலாம் என்றால் கேட்கவும் கூடாது. தாடையைத் தளர்த்திக்கொள், செண்பகம். நாக்கைக் கீழே போடு. மனசுக்குள் பேசினால் நாக்கு அசைகிறதா என்று பார்த்தேன், அசைகிற மாதிரிதான் இருக்கிறது. கழுத்தைத் தொட்டுப் பார்க்கவேண்டும்போல இருக்கிறது, தொடவில்லை. அங்கே ஆபரேஷன் தழும்பு ஒரு கோடாக இருக்கிறது, இந்தக் காதுக்குக் கீழே ஆரம்பித்து அந்தக் காதுக்குக் கீழே முடியும். அதற்கும் முன்னால் அங்கே ஒன்றும் இல்லை, வெறும் கழுத்து. கோர்ட்டில் ஒரு வக்கீலம்மாதான் முதலில் பார்த்தாள், “என்னக்கா, தண்ணி குடிக்கையில தொண்டையில ஒண்ணு ஏறி எறங்குது?” அப்புறம் ஸ்கேன். கழுத்தில் குளிர்ந்த பசையைத் தடவி ஒரு கட்டையை வைத்து அழுத்தி அழுத்தித் தேய்த்தான் ஒருவன், திரையைப் பார்த்துக்கொண்டே உம் உம் என்றான். அந்த உம்முக்கு அர்த்தம் சொல்ல அவனுக்கு அனுமதி கிடையாதாம், ரிப்போர்ட்டில் வருமாம். ரிப்போர்ட்டில் வந்தது. ஒன்றரை சென்டிமீட்டர், ஓரம் சரியில்லை, உள்ளே சுண்ணாம்புப் பொடி மாதிரிப் புள்ளிகள். கழுத்தில் ஊசி விட்டு எடுத்துப் பார்த்துத் தைராய்டு கேன்சர் என்றார்கள், அப்படிச் சொன்ன அதே மூச்சில் “கேன்சர்லயே இது நல்ல கேன்சர்மா” என்றார் டாக்டர். நல்ல கேன்சராம். எந்த மவராசன் கண்டுபிடித்த வார்த்தையோ. அந்த நல்லதுதான் என் தைராய்டைப் பிடுங்கிக்கொண்டு போனது, குரலையும் கொண்டுபோனது, இப்போது மூன்றாவது தடவை கூவும்போது கீச்சென்று கிழிகிறது என்று என்னைப் பதிவறைக்கு மாற்றிவிட்டார்கள். பழைய கேஸ் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு அயோடின். அதுதான் இந்த நோய்க்கு மருந்து, அதற்காகத்தான் இது நல்ல கேன்சர். தைராய்டுச் சதை உடம்பில் எங்கே ஒளிந்திருந்தாலும் அயோடினைக் கண்டால் விடாது, வாங்கி விழுங்கும். அந்த அயோடினில் கதிரைக் கலந்து கொடுத்தால் விழுங்கிவிட்டுச் சாகும். அவ்வளவுதான் கணக்கு, கேட்கவே திருப்தியாக இருந்தது. ஒரு தடவை கொடுத்தார்கள், மூன்று நாள் தனி அறை, கதவுக்கு வெளியே சாப்பாட்டை வைத்துவிட்டு ஓடிப்போவார்கள். நாலு வருடம் நன்றாக இருந்தேன். போன கார்த்திகையில் ரத்தத்தில் ஒரு எண் ஏறியது. தைராய்டே இல்லாதவளுக்கு அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கவேண்டுமாம், எனக்கு இருபத்தாறு. எங்கேயோ ஒளிந்திருக்கிறது, அயோடின் ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம், எங்கே பிடிக்கிறதோ அங்கே கறுப்பாகத் தெரியும், தெரிந்தால் பெரிய டோஸ் கொடுத்து முடித்துவிடலாம் என்றார் கதிர் மருத்துவ டாக்டர். அந்த ஸ்கேனுக்காக நான் பட்ட பாடு இருக்கிறதே. தைராய்டுக்குப் பதிலாகத் தினமும் விழுங்குகிற மாத்திரையை ஒரு மாதம் நிறுத்தச் சொன்னார்கள். முகம் பன்னாக ஊதி, கை கால் மரத்து, யாராவது ஒன்று கேட்டால் பதில் தெப்பக்குளத்து அடியிலிருந்து ஏறி வருகிற மாதிரி வரும். அதோடு கடைசிப் பதினாலு நாள் அயோடின் இல்லாத சாப்பாடு. உடம்பைப் பட்டினி போட்டால்தான் ஸ்கேனில் கொடுக்கிற அயோடினை ஆவலாக வாங்குமாம். பாக்கெட் உப்பு கூடாது, மீன் கூடாது, கருவாடு கூடாது, பால் தயிர் கூடாது, முட்டை மஞ்சள் கரு கூடாது, கடைப் பலகாரம் எதுவும் கூடாது. மாரீஸ்வரி எனக்கென்று தனி அடுப்பு வைத்தாள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு உப்பில்லாத சோறும், உப்பில்லாத ரசமும், மிளகும் எலுமிச்சையும் போட்டு ஒரு பொரியலும் வைத்து முன்னால் உட்கார்ந்து நான் சாப்பிட்டு முடிக்கிறவரை பார்ப்பாள். நான் தின்றேன். பதினாலு நாள். ஒரு கல் உப்பு என் நாக்கில் படவில்லை. இதை எந்தக் கோவிலில் வேண்டுமானாலும் வந்து சொல்லுவேன்.

சொல்லுவேன் என்று இப்போது மனசுக்குள் முழங்கி என்ன பிரயோஜனம். சொல்லவேண்டிய இடத்தில் சொன்னேனா? பத்து ஐந்து. போன மாதம் இருபத்தொன்றாம் தேதி அந்த ஸ்கேன். மல்லாக்கப் படுக்கவைத்து ஒரு பெரிய தட்டை மூக்குக்கு நாலு விரல் மேலே இறக்கினார்கள், தலையிலிருந்து கால்வரை அரை மணி நேரம் மெதுவாக நகர்ந்தது. படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார் டாக்டர். மனுஷ உருவம் ஒன்று புகையாகத் தெரிந்தது, வயிறும் மூத்திரப்பையும் மங்கலாக. வேறு ஒரு புள்ளி இல்லை. நான் கும்பிட்டேன், ஐயா. சுத்தமாகிவிட்டேன் என்று நினைத்து அந்த அறையிலேயே இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டேன். டாக்டர் என்னைப் பார்க்கவே இல்லை. மாரீஸ்வரியைப் பார்த்து, “ரத்தத்துல எண் ஏறியிருக்கு, ஆனா ஸ்கேன்ல ஒண்ணும் தெரியல. நோய் இருக்கு, அயோடினை வாங்கல. இவங்க சாப்பாட்டுக் கட்டுப்பாடு ஒழுங்கா இருந்தாங்களா?” என்றார். இவங்க. நான் எதிரே உட்கார்ந்திருக்கிறேன், இவங்க. மாரி என் பக்கம் திரும்பினாள். அந்தத் திரும்பலை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். “அம்மா, எதாவது தின்னியா?” இல்லை என்றேன். “கடையில காபி?” இல்லை. “கோர்ட்டுல யாராவது வடை கொடுத்தாங்களா?” இல்லட்டி. “எனக்குத் தெரியாம எதாவது?” டாக்டரும் சேர்ந்துகொண்டார். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, கருவாடு, அப்பளம், ஊறுகாய். அம்மா, மறைக்காத. பெரியவங்க நாக்கு கேட்காது, நாங்க புரிஞ்சுக்கிடுவோம், சொல்லிருங்க. இருபது நிமிடம். மாத்திரை இல்லாத உடம்பு, தலைக்குள் பஞ்சு, வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள், மாரி கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. எனக்கு அந்த நாற்காலியிலிருந்து எழுந்தால் போதும் என்று ஆகிவிட்டது. “ஒரு துண்டு ஊறுகா தின்னேன்” என்றேன்.

தின்னவில்லை. மாப்பிள்ளைக்கென்று வாங்கின கடை மாங்காய் ஊறுகாய் பாட்டில் ஒன்று மேல் அலமாரியில் இருந்தது, அது ஞாபகத்தில் வந்தது, வாயில் வந்தது, சொல்லிவிட்டேன். கோர்ட்டில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். சில்லறைக் கேஸில் பிடித்துக்கொண்டு வருவார்கள், ரோட்டை மறித்தான், பொது இடத்தில் சத்தம் போட்டான் என்று. குற்றத்தை ஒத்துக்கிறியா என்று ஜட்ஜ் ஐயா கேட்டால் உடனே ஒத்துக்கிறேன் ஐயா என்பான், அபராதம் கட்டிவிட்டு வேட்டியைத் தட்டிக்கொண்டு போவான். செய்யவே இல்லைக்கா என்று வெளியே வந்து என்னிடம் சொல்லுவான். செய்யாததை ஏன்டா ஒத்துக்கிட்ட, நீ மனுஷனா என்று திட்டுவேன். நாலு வாய்தா அலையணும்க்கா, இது ஒரே நாள்ல முடிஞ்சிருச்சில்ல என்பான். முடிந்துவிட்டது. எனக்கும் ஒரே நாளில் முடித்துவிட்டார்கள். ஆனால் மாரி விடவில்லை, அதுதான் நெஞ்சைக் கிழிக்கிறது. “ஒரு துண்டா, தினமுமா?” என்றாள். “ஒரு துண்டுதான்.” “நல்லா யோசிச்சுச் சொல்லும்மா, நிறையத் தின்னியா? பாட்டில் பூராவுமா?” பெற்றவளை, கண்முன்னால், இன்னொரு ஆம்பளைக்கு எதிரில். களவாணியைக் கேட்கிற மாதிரி. செய்யாத குற்றத்தை ஒத்துக்கொண்டாலும் அளவு கேட்கிறாளே என்று எனக்கு வீம்பு ஏறிவிட்டது. ஒரு துண்டு, ஒரே ஒரு துண்டு, அதற்கு மேல் இல்லை என்று சாதித்தேன். டாக்டர் பேனாவை மூடினார். “ஒரு துண்டு ஊறுகாய்க்கெல்லாம் இப்படி ஆகாது. அப்ப நோய்தான் மாறிருச்சு. அயோடின் இனி உங்களுக்கு வேலைக்காகாது. பெட் ஸ்கேன் எடுத்து எங்க இருக்குன்னு பார்ப்போம், அப்புறம் வேற மாத்திரை.” வேறு மாத்திரை என்றால் நோயைக் கொல்லாதாம், கொஞ்ச காலம் கட்டிப்போடுமாம். எவ்வளவு காலம் என்று கேட்டேன். அதற்கும் மாரியைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். ஃபைலில் எழுதியிருக்கிறது, உணவுக் கட்டுப்பாட்டை மீறியதாக நோயாளியே ஒப்புக்கொண்டார் என்று. இங்கிலீஷில்தான், ஆனாலும் இருபத்தெட்டு வருடம் கோர்ட்டில் இருந்தவளுக்கு அந்த ஒரு வார்த்தை தெரியாதா. ஒப்புக்கொண்டார்.

தொண்டை அரிக்கிறது. செருமக்கூடாது. செருமினால் என்ன ஆகும், அங்கே வெளிச்சமாகும், அதைப் பார்த்து இங்கேயும் வந்திருக்கிறது என்பார்கள், மறுபடி வெட்டுவார்கள், இருக்கிற குரலும் போகும். எச்சிலை விழுங்கினேன். எச்சில் விழுங்கலாமா? பத்து பதினெட்டு. செத்துப்போவேனா என்ற நினைப்பு வந்துவிட்டுப் போகிறது, அது ஒன்றும் புதிதில்லை, வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். பேத்திக்கு ஏழு வயது. அவளுக்குச் சடங்கு பார்ப்பேனா, மாட்டேனா, அந்தக் கணக்கைத்தான் அன்றைக்கு டாக்டரிடம் கேட்டேன், அவர் மாரியைப் பார்த்தார். பயமாக இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருக்கிறது, அதுதான் என்னை உட்காரவைத்திருக்கிறது. திரைக்கு அந்தப் பக்கம் யாரையோ கூட்டிவந்து உட்காரவைக்கிறார்கள். செருப்புச் சத்தம், இருமல், வயசான ஆம்பளை. அவருக்கு இன்னும் ஊசி போடவில்லை போலிருக்கிறது, அதனால் பேசலாம், கொடுத்துவைத்தவர். பிரிசில்லா கேட்கிறாள், “ஐயா, சர்க்கரை இருக்கா? கிட்னி எப்படி? உங்களுக்குக் கடைசியில சி.டி. எடுக்கும்போது இன்னொரு ஊசியும் உண்டு. உடம்பு பூரா சூடு பரவும், மூத்திரம் போயிருச்சோன்னு தோணும், போயிருக்காது, பயப்படாதீங்க. அது அயோடின் மருந்து. முன்னாடி எப்பவாவது போட்டு அலர்ஜி ஆயிருக்கா?”

அது அயோடின் மருந்து. என்ன சொன்னாள்? சூடு பரவும், மூத்திரம் போயிருச்சோன்னு தோணும். அயோடின் மருந்து. இரு, இரு. காலையில் என் சீட்டைப் பார்த்து இதே பிரிசில்லா, “உங்களுக்கு சி.டி. ஊசி கிடையாதும்மா, வேண்டாம்னு உங்க டாக்டரு கோடு போட்டு எழுதியிருக்காரு” என்றாள். ஏன் வேண்டாம் என்று நான் கேட்கவில்லை, ஒரு குத்து மிச்சம் என்று நினைத்தேன். ஏன் வேண்டாம்? அயோடின் ஆயிற்றே, அதனால் வேண்டாம். அந்தச் சூடு எனக்குத் தெரியும். தொண்டையில் ஆரம்பித்து, நெஞ்சுக்கு இறங்கி, அடிவயிற்றில் வெந்நீரைக் கவிழ்த்த மாதிரி. வயிற்று வலி. பிப்ரவரி மூன்றாம் தேதி, கோர்ட்டில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சுருட்டிப் பிடித்தது, மாரிக்குச் சொன்னால் ஊரைக் கூட்டுவாள் என்று நானாகவே இரண்டு தெரு தள்ளி ஒரு வயிற்று டாக்டரிடம் போனேன், அவர் சி.டி. ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்தார். தாளில் நானே கையெழுத்துப் போட்டேன். ஊசி ஏறியது, சூடு பரவியது, சேலை நனைந்துவிட்டது என்று நினைத்தேன், ஐம்பத்துநாலு வயதில் அந்நிய ஆம்பளைகள் முன்னால் படுத்த இடத்தில் போய்விட்டேன் என்று நினைத்து மானம் போயிற்று. எழுந்து தடவிப் பார்த்தால் ஒன்றுமில்லை. வயிற்றிலும் ஒன்றுமில்லை, வாயு என்றார்கள். அதை யாரிடம் போய்ச் சொல்வேன்? அந்த ரிப்போர்ட்டை வயிற்றுக்கென்று வைத்திருக்கிற மஞ்சள் பைக்குள் போட்டு மாட்டிவிட்டேன். தொண்டைக்கு ஒரு பை, வயிற்றுக்கு ஒரு பை, எனக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கவேண்டும். தொண்டை டாக்டரிடம் தொண்டைப் பை மட்டும்தான் போகும். மூன்றாம் தேதி அது. இருபத்தொன்றாம் தேதி அயோடின் ஸ்கேன். பதினெட்டு நாள். பதினெட்டே நாள்.

அட பாவிகளா. ரத்தக் குழாய்க்குள் நேராக அயோடினை ஏற்றிவிட்டு, உப்பில் இருக்கிற தூசி அயோடினுக்காக என்னைப் பட்டினி போட்டிருக்கிறார்கள். வயிறு முட்டத் தின்றவளிடம் போய் ஒரு வாய் அயோடினை நீட்டினால் எப்படி வாங்குவாள், என் உடம்பு வாங்கவில்லை, அதற்கு நோய் மாறிவிட்டது என்று எழுதிவிட்டார். வாங்காததற்கு இதுவே காரணமாக இருக்கலாமே. இருக்குமா? நான் டாக்டர் இல்லை. ஆனால் இன்றைக்கு அந்த ஊசி கூடாது என்று கோடு போட்டு எழுதத் தெரிந்தவருக்கு, அன்றைக்கு வேறு ஸ்கேன் எதுவும் எடுத்தீர்களா என்று ஒரு கேள்வி கேட்க வாய் இல்லையா? வடையைக் கேட்டார், அப்பளத்தைக் கேட்டார், கருவாட்டைக் கேட்டார். பொம்பளை என்றால் நாக்கு, நாக்கு என்றால் திருட்டு, அதற்கு மேல் அவர்கள் யோசனை போகாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா? நெஞ்சைத் தொட்டுச் சொல், செண்பகம். கேள்வி அந்தப் பக்கம் வந்துகொண்டுதான் இருந்ததோ என்னவோ, அடுத்தது அதுதானோ என்னவோ, நீதான் நடுவில் ஊறுகாயைத் தூக்கிப் போட்டாய். குற்றவாளி கிடைத்த பிறகு யார் துப்பு விசாரிப்பார்கள்? என் வாயாலேயே என் மருந்துக்கு நானே கதவைச் சாத்தியிருக்கிறேன். கை கம்பளியைப் பிசைகிறது, பிசையாதே, கைச் சதை சர்க்கரையை இழுக்கும்.

பத்து இருபத்தெட்டு. இன்னும் இருபத்திரண்டு நிமிடம். கூப்பிடவேண்டும், இப்போதே கூப்பிடவேண்டும், எழுந்து திரையைக் கிழித்துக்கொண்டு போய்க் கத்தவேண்டும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கத்தினால் தொண்டை பூராவும் எரியும், இந்தப் படமும் வீணாகும். ஏற்கனவே ஒரு படம் பொய், இதையும் நானே பொய்யாக்குவதா. அடக்கு. உதட்டை மூடு. பேச வேண்டிய அன்றைக்கு இல்லாததைப் பேசிவிட்டு, இருப்பதைச் சொல்லலாம் என்று வருகிற இன்றைக்கு வாயைத் திறக்கக்கூடாது என்று உட்காரவைத்திருக்கிறானே, கடவுள் என்று ஒருவன் இருந்தால் அவனையும் ஒரு நாள் கூண்டில் ஏற்றவேண்டும். பிப்ரவரி மூன்று, பிப்ரவரி மூன்று என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், மறந்துவிடக்கூடாது, இந்தத் தலை ஒரு மாதம் பஞ்சாகக் கிடந்த தலை. மாரிக்குத் தெரிந்தால் என்ன சொல்லுவாள்? ஏம்மா மறைச்ச என்பாள், மறுபடி நான்தான் குற்றவாளி. சொல்லட்டும். ஊறுகாய் தின்னவில்லை என்பதையும் அவள் முகத்துக்கு நேராகச் சொல்லுவேன். பாட்டில் பூராவுமா என்று கேட்டாயே, அந்த வாயை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வாய் என்று கேட்பேன்.

பிரிசில்லா வந்து ஜாடையாலேயே பாத்ரூமைக் காட்டினாள். பிறகு கையைப் பிடிக்காமல் முன்னால் நடந்து மிஷினுக்குக் கூட்டிப்போனாள். வளையம் ஒன்று, அதற்குள் பலகை போகும். தலையை ஒரு பள்ளத்தில் வைத்துப் பட்டை கட்டினார்கள். உள்ளே போனேன். சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை, ஒரு முனகல், அவ்வளவுதான். என் தொண்டையில், நெஞ்சில், எலும்பில் எங்கே எது எரிகிறது என்று அது பார்த்துக்கொண்டிருக்கிறது. என் வயிறு எரிவதையும் பார்க்கிறதோ என்னவோ. பிப்ரவரி மூன்று. இருபது நிமிடம் ஆனது. பலகை வெளியே வந்தது. “முடிஞ்சதும்மா. இனிமே பேசலாம்.”

“டாக்டரைக் கூப்பிடுங்க” என்றேன். குரல் கரகரவென்று வந்தது.

“ரிப்போர்ட் நாளைக்குத்தான்மா வரும்.”

“ரிப்போர்ட் வேண்டாம். நான் சொல்ல வேண்டியது இருக்கு. கூப்பிடுங்க.”

நான் பலகையை விட்டு இறங்கவில்லை என்று கண்டதும் போய்க் கூட்டிவந்தாள். இளவயது டாக்டர், கண்ணாடி அறைக்குள்ளிருந்து வந்து கதவருகே நின்றார். என் கதிரிலிருந்து அவருக்கும் ஆறடி.

“சொல்லுங்கம்மா.”

“அயோடின் ஸ்கேனுக்குப் பதினெட்டு நாள் முன்னாடி எனக்கு வயித்துக்கு சி.டி. எடுத்தாங்க சார். ஊசி போட்டு. பிப்ரவரி மூணு. ரிப்போர்ட் வீட்டுல இருக்கு.”

அவர் முகம் மாறியது. உள்ளே போய் என் ஃபைலை எடுத்துவந்து நின்றபடியே புரட்டினார். “இதுல அதைப் பத்தி ஒண்ணுமே இல்லையே. ஊறுகாய் சாப்பிட்டதாத்தான் போட்டிருக்கு.”

“அது பொய். நான் திங்கல.”

“அப்புறம் ஏன்மா தின்னேன்னு சொன்னீங்க?”

“கேட்டுக்கிட்டே இருந்தாங்க சார்.”

அவர் என்னையே பார்த்தார். இத்தனை வருடத்தில் இந்த நோய் விஷயமாக என் முகத்தைப் பார்த்த முதல் டாக்டர். “அப்படின்னா அந்த ஸ்கேனை வச்சு அயோடின் வேலை செய்யாதுன்னு சொல்ல முடியாது. அந்த ஊசி அயோடின் உடம்பை விட்டு வெளியேற ரெண்டு மூணு மாசம் போகணும், திரும்ப எடுத்துப் பார்க்கணும். வாங்கலாம், வாங்காமலும் போகலாம், நான் உறுதி சொல்லமாட்டேன். உங்க டாக்டர்கிட்ட நானே இன்னைக்குப் பேசுறேன்.”

“பேசுங்க. எழுதியும் கொடுங்க. ஊறுகா தின்னலைன்னும் எழுதுங்க.”

எழுதினார். அந்தத் தாளை மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். மாரீஸ்வரி எழுந்து ஓடிவந்தாள், ஆறடி ஞாபகம் வந்து நின்றாள். கூடம் நிறைய ஆள். எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை.

“நான் ஊறுகா திங்கல” என்றேன்.

அவள் சேலைத் தலைப்பைப் பிடித்து முறுக்கினாள். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, “தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“அன்னைக்கு வீட்டுக்குப் போனதும் பாட்டிலை எடுத்துப் பாத்தேன். சீல் பிரிக்கவே இல்ல.”

“தெரிஞ்சுக்கிட்டா இந்த ஒரு மாசமா வாயைத் திறக்காம இருந்த? பெத்தவள களவாணின்னு எழுதிவச்சுட்டு?”

“நீ தின்னுருந்தேன்னா அந்த ஸ்கேன் தப்பும்மா” என்றாள். வார்த்தை உடைந்து உடைந்து வந்தது. “அந்த மருந்து இன்னும் இருக்கு. நீ திங்கலைன்னா... அதான் நிறையத் தின்னியா, பாட்டில் பூராவுமான்னு அத்தனை தடவ கேட்டேன். ஆமான்னு சொல்லிர மாட்டியான்னு. நீ ஒரு துண்டு, ஒரு துண்டுன்னே நின்ன.”

அறையலாம் போலிருந்தது. இழுத்து அணைத்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டுக்கும் கை எட்டாது, சாயங்காலம்வரை. தாளை அவள் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டுப் பின்னால் வந்தேன்.

“ஊறுகா இல்லட்டி, ஊசி. படி” என்றேன். படித்துக்கொண்டே என் பக்கம் நடந்து வந்தாள்.

“தள்ளி நில்லு” என்றேன்.